குருசுமுத்து வீட்டுக் குறி

நெடுந்தீவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவர் மாட்டின் மேல் சுட்டிருக்கும் குறியைக் காகிதத்திலோ மணலிலோ கீறிக் காட்டி, இது யாருடைய குறி என்று கேட்டால், தெரிந்தவன் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். எங்கோ ஒரு மாடு கிணற்றில் விழுந்திருக்கும், காலொடிந்து கிடக்கும், அல்லது எவனோ ஒருவனின் மரவள்ளியைத் துவம்சம் செய்துகொண்டு நிற்கும். உடையவனுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டவனோடு ஊர் முகங்கொடுத்துக் கதைக்காது. ஆகவே சின்னக்குட்டியை ஏசிப் பிரயோசனமில்லை. ஊரே திரண்டு ஏசியதுதான், அது வேறு கதை.

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலைப் படகில் இரண்டு பேர் மாவிலித்துறையில் வந்திறங்கினார்கள். நீளக்கைச் சட்டை, மினுக்கின சப்பாத்து. ஒருவர் கட்டை, கையில் தோற்பை; மற்றவர் நல்ல உயரம். சின்னக்குட்டி தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சீமெந்துப் பைகளை அடுக்கிக்கொண்டு நின்றான். கட்டையானவர் அவனிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“ஐயா, இந்த அடையாளம் தெரியுமா உங்களுக்கு?”

ஒரு சிலுவை. அதன் காலில் தூண்டில் மாதிரி ஒரு வளைவு. பக்கத்தில் ஒரு புள்ளி. சின்னக்குட்டிக்கு இதைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை.

“உது குருசுமுத்தண்ணையின்ரை குறியெல்லோ! மாடு எங்கை நிக்குது? உயிரோடையோ?”

“உயிரோடதான்” என்றார் கட்டையானவர். உயரமானவருக்குத் தமிழ் வராது. “வீட்டைக் காட்டுவீங்களா?”

“காட்டுறதென்ன, ஏறுங்கோ. அந்த மனிசன் இந்த வறட்சியிலை ஏற்கெனவே ரெண்டு கண்டுக்குட்டியைப் பறிகுடுத்திட்டு இருக்கு. நல்ல சேதி கொண்டு வந்திருக்கிறியள்.”

சீமெந்துப் பைகளின் மேல் சாக்கை விரித்து, இரண்டு பேரையும் வலு மரியாதையாக ஏற்றிக்கொண்டு போனான் பாவி. வழியெல்லாம் எந்தக் கிணறு வற்றியது, எந்தக் கிணறு உவராகியது என்று விளக்கம் வேறு. முருகைக்கல் மதில்களுக்கு நடுவே போகும் அந்த ஒழுங்கையில் லான்ட்மாஸ்டர் போட்ட குலுக்கலில் உயரமானவரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

குருசுமுத்து அப்போது கிணற்றடியில் நின்றார். அறுபத்துமூன்று வயது, கறுத்து முறுகின உடம்பு. சித்திரைக்குப் பிறகு ஒரு துளி மழை இல்லை. புல்லென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, சோளகக் காற்று மண்ணைக் கிளப்பிக் கண்ணுக்குள் போட்டது. விடிந்ததிலிருந்து வாளி வாளியாய் அள்ளிக் கல்தொட்டியில் ஊற்றுவதும், மாடுகள் உறிஞ்சிவிட்டு இன்னும் தா என்று தலையை நிமிர்த்துவதுமாக நேரம் போயிருந்தது. ஒவ்வொரு வாளியோடும் கிணறு அடிமண்ணைக் கலக்கிக் காட்டியது. கயிறு உரசின இடத்தில் உள்ளங்கை எரிந்தது.

“அண்ணை! உங்கடை மாடொண்டு எங்கையோ பிடிபட்டிட்டுதாம். ஆக்கள் வந்திருக்கினம்!”

குருசுமுத்து திரும்பித் தன் மாடுகளைப் பார்த்தார். பதினான்கும் நின்றன.

“என்ரை எல்லாம் இஞ்சை நிக்குதடா” என்று வாளிக் கயிற்றை விடாமலே சொன்னவர், கட்டையானவர் நீட்டிய காகிதத்தைப் பார்த்தார். குறி அவருடையதுதான். ஆனால் அது கையால் கீறினதல்ல, பத்திரிகையிலிருந்து பெருப்பித்து எடுத்தது. ஓரத்தில் ஒரு படத்தின் கால்வாசி தெரிந்தது. வாளிக் கயிறு கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் போனது.

அந்தப் படம் அவருக்குத் தெரியும். அவருடைய மகள் யூலியட் கீறினது.

யூலியட்டுக்கு இருபத்தொன்பது வயது. பால் சேகரிக்கிற நிலையத்தில் காலையில் பால் அளந்து ரசீதுத் துண்டெழுதுகிற வேலை. அந்தத் துண்டுகளின் பின்பக்கத்தில்தான் முதலில் கீறத் தொடங்கினாள். மூன்று வருடமாக யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கிழமைக்கொரு கார்ட்டூன் போனிலேயே எடுத்து அனுப்புகிறாள். பெயர் போடுவதில்லை, மூலையில் வீட்டுக் குறியைப் போட்டுவிடுவாள். யாழ்ப்பாணத்தில் அதை வெறும் கோடென்று நினைத்துக்கொள்வார்கள், தீவில் எல்லாருக்கும் தெரியும், தீவார் வெளியில் சொல்லமாட்டார்கள். இதுதான் அவள் போட்ட கணக்கு. கெட்டிக்காரிதான், ஆனால் சின்னக்குட்டியை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் படத்தைக் குருசுமுத்து சங்கக்கடையில் பார்த்தார். ஓர் அமைச்சர் மாலையும் கழுத்துமாகக் குடிதண்ணீர்க் குழாயைத் திறக்கிறார். குழாயிலிருந்து தண்ணீர் வரவில்லை, அமைச்சரின் முகம் போட்ட சுவரொட்டிதான் சுருள் சுருளாய் வருகிறது. எலும்புந் தோலுமான ஒரு மாடு அதை மேய்கிறது. குருசுமுத்து இருமல் வருமட்டும் சிரித்தார். பிறகு மூலையைப் பார்த்தார், சிரிப்பு நின்றுபோனது. நேரே வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார்.

“ஆரைக் கேட்டு என்ரை குறியைப் போட்டனீ?”

“கேட்டால் தந்திருப்பியளோ?”

“தரமாட்டன்.”

“அதுதான் கேக்கேல்லை.”

அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் இடையில் அந்தப் பேச்சு முடிவில்லாமல் இழுபட்டது. போன மாதம் அவள் கீறின படத்தோடு அது முற்றிப் போனது. வெள்ளை உடுப்புப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் நெருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். கையில் குறிசுடும் இரும்பு. எதிரே ஒரு மீனவன், ஒரு வாத்தியார், காணாமற்போன மகனின் படத்தைப் பிடித்தபடி ஒரு தாய், எல்லாரும் கால் கட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். இரும்பின் நுனியில் ‘பயங்கரவாதி’ என்ற எழுத்து. “கெதியா அடுத்த ஆளைக் கொண்டா, இரும்பு ஆறப்போகுது” என்கிறார் பெரியவர். அந்தப் படம் கனடாவரைக்கும் போனுக்குப் போன் பறந்தது. பத்திரிகைக் கந்தோருக்கு ஆட்கள் வந்து, கீறினது யாரென்று இரண்டு நாள் கேட்டார்கள். ஆசிரியர் வாய் திறக்கவில்லை. குறி இருந்த மூலையை வெட்டியெடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது அந்தக் குறி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

பூவரசு நிழலில் கதிரைகள் போடப்பட்டன. குருசுமுத்துவின் மனைவி கிறேசம்மா, வந்தவர்கள் யாரென்று தெரியாமலே மோர் கரைத்து வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டுக் கொண்டுவந்தாள். குடித்து முடித்த பிறகுதான் கட்டையானவர் தன் அடையாள அட்டையைக் காட்டினார். கொழும்பிலிருந்து, விசாரணைக்கு. சின்னக்குட்டி அந்த அட்டையைப் பார்த்தான், குருசுமுத்துவின் முகத்தைப் பார்த்தான், அப்படியே கல்தொட்டியின் விளிம்பில் குந்திவிட்டான்.

“இந்தப் படத்தை வரைஞ்சது யாரு?”

குருசுமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“நான்தான் கீறினனான்.”

“நீங்களா?”

“ஓம். குறி என்ரை, படமும் என்ரை. வீட்டிலை வேறை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது.”

கட்டையானவர் சிரித்துக்கொண்டே தோற்பையிலிருந்து வெள்ளைத்தாளும் பேனையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். “அப்போ ஒரு மாடு வரைங்க பார்ப்போம்.”

நாற்பது வருடம் மாட்டோடு கிடந்த மனிதன். மாட்டின் மூச்சைக் கேட்டே என்ன நோயென்று சொல்லுவார். ஆனால் பேனையைப் பிடித்ததும் கை தென்னங்குற்றியாகிவிட்டது. நாலு கோடு கீழே, ஒரு பெட்டி மேலே, ஒரு வால். தலைக்கு இடமில்லாமல் தாள் முடிந்துபோனது.

“இது மேசை” என்றார் கட்டையானவர்.

“சினைப்பசு” என்றார் குருசுமுத்து, விடாமல்.

கல்தொட்டியில் இருந்த சின்னக்குட்டிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான்.

படலையில் சைக்கிள் வந்து நின்றது. யூலியட் இறங்கினாள். துறையில் இறங்கின ஆட்களைப் பற்றிப் பால் நிலையத்தில் கேள்விப்பட்டு, அரை வேலையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். முகம் வேர்த்து, கண்ணெல்லாம் புழுதி. தாளில் இருந்த மேசையைப் பார்த்தாள்.

“அப்பா, என்ன உது?”

“நீ உள்ளை போ.”

“நான் போகேல்லை.” கட்டையானவரைப் பார்த்துச் சொன்னாள்: “ஐயா, அவரை விடுங்கோ. அவருக்குக் கோடு நேரா வராது. கீறினது நான்.”

கிறேசம்மா கையிலிருந்த மூக்குப்பேணி விழுந்து உருண்டது. “மாதாவே” என்றாள்.

கட்டையானவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வலு அமைதியாகப் பேசினார். இந்தப் படம் சின்ன விஷயமில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் உள்ளே போட்டால் எத்தனை வருடமென்று யாராலும் சொல்ல ஏலாது. பயங்கரவாதிகளைப் பிடிக்கவென்று போட்ட சட்டம்; அந்தச் சட்டம் என்றால் போதும், தமிழ்ப் பகுதியில் பெயர் சொல்லத் தேவையில்லை. ஆனால் வயசுப்பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கத் தனக்கும் விருப்பமில்லை, ஆகவே ஒரு வழி சொல்கிறேன் என்றார்.

“குறி ஐயாவோடது. பதிவு ஐயா பேர்ல இருக்கு. என் குறியை என் அனுமதி இல்லாம மகள் எடுத்துப் பத்திரிகைக்குப் பாவிச்சிட்டாள்னு ஒரு முறைப்பாடு எழுதித் தாங்க. மகள் மன்னிப்புக் கேட்டு, இனி வரையமாட்டேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். வீட்டுக்குள்ள நடந்த களவா முடிஞ்சிரும். யோசிங்க. மூணு மணிப் படகுக்கு நாங்க போகணும்.”

தாயும் தகப்பனும் மகளுமாக மூவரும் குசினிக்குள் போனார்கள். அடுப்பில் கணவாய்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

“எழுதிக் குடுப்பம்” என்றார் குருசுமுத்து. “பிள்ளை, சொல்லுறதைக் கேள். நீ வீட்டிலை இருந்தால் எனக்குக் காணும். நாடு நல்லா இருக்கிறது கெட்டுப்போறது எங்கடை கையிலை இல்லை.”

“அப்பா, விளங்கேல்லையோ உங்களுக்கு? படம் கீறினவளைப் பிடிச்சால் நாலு பேர் ஏனெண்டு கேப்பினம். களவெடுத்தவளைப் பிடிச்சால் ஆர் கேப்பினம்? பேப்பர்காரரையும் கள்ளக் குறி போட்டவை எண்டு இழுப்பினம். அதுக்குத்தான் இவ்வளவு தேன் ஒழுகக் கதைக்கினம்.”

“கேக்கிறவன் வந்து உன்னை வெளியிலை எடுப்பானோ?”

“எடுக்காட்டிப் பரவாயில்லை. நான் கீறினதைக் களவெண்டு நானே சொல்லமாட்டன்.”

“விசர்க்கதை கதையாதை! நாளைக்கு உன்ரை விரலை முறிச்சுப்போட்டு விடுவாங்கள். அப்ப எதாலை கீறுவாய்?”

யூலியட்டுக்கும் பயம்தான். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அகப்பையோடு நின்ற கிறேசம்மாதான் வெடித்தாள்.

“இஞ்சருங்கோ, நான் இவ்வளவு நேரமும் சும்மா நிண்டனான். இவள் கீறுறது எனக்கும் விருப்பமில்லை. ஆனா மாட்டுக்குறி களவெடுத்தவள் எண்டு என்ரை பிள்ளையைப் பெத்த தேப்பனே எழுதிக் குடுக்கிறதோ? இந்தத் தீவிலை அதைவிடக் கேவலம் என்ன இருக்கு? அந்தப் பேரோடை இவள் கோயில் வாசலிலை நிக்க ஏலுமோ?”

“உயிரோடை நிப்பாளடி.”

“உங்கடை தம்பிக்கும் இப்பிடித்தான் கையெழுத்து வைச்சனீங்கள்.”

அந்தப் பேச்சை இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. ஒரு கேள்வி கேட்கவென்று குருசுமுத்துவின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனது யார் என்பதில் ஊருக்குள் இன்றைக்கும் இரண்டு கதை. பத்து நாள் கழித்து ஒரு கடதாசி வந்தது: தம்பி தன் விருப்பத்தோடு வீட்டைவிட்டுப் போனவர் என்று. கையெழுத்து வை, அவன் நாளைக்கே வருவான் என்றார்கள். குருசுமுத்து வைத்தார். தம்பி வரவில்லை. பிறகு எங்கே போய் முறையிட்டாலும் அந்தக் கடதாசியை எடுத்துக் காட்டினார்கள், அண்ணன்காரனே எழுதித் தந்திருக்கிறானே என்று.

குருசுமுத்து குசினிச் சுவரோடு சாய்ந்து நின்றார். அழுகை வந்தது, அழுதார், கட்டியிருந்த சாரத்தால் முகத்தைத் துடைத்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

“கிறேசம்மா, கறியை இறக்கு. நெருப்பை அணையாதை.”

மாட்டுக்கொட்டில் கூரையிலிருந்து குறிசுடும் இரும்பை உருவிக்கொண்டு வந்து அடுப்புக்குள் செருகினார். அது பாரிசிலிருக்கும் மகன் டிலானுக்கென்று வைத்திருந்த இரும்பு. அவன் திரும்பி வருவான், மாடு வளர்ப்பான் என்று அவரைத் தவிர வேறு யாரும் நம்பவில்லை. யூலியட் தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பனஞ்சிராய் விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள்.

தீவில் இதற்கும் ஒரு முறை இருக்கிறது. குறி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும்போது, புதிதாக வாங்குகிறவர் மாட்டுக்கொட்டில் தூணில் முதல் சூடு வைக்க வேண்டும். வீட்டைச் சேராத இரண்டு பேர் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த வழக்கென்றாலும் தூணைத்தான் காட்டுவார்கள். குருசுமுத்துவின் கொட்டில் பாலைமரத் தூணில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சூடு இருந்தது. கடைசி அவருடையது.

“சின்னக்குட்டி, எழும்பி வா. நீ ஒரு சாட்சி.”

“அண்ணை, நான் செய்த வேலைக்கு...”

“கதையாதை, வா.” பிறகு கட்டையானவரிடம் திரும்பினார். “ஐயா, ரெண்டாவது ஆளுக்கு நான் இப்ப ஊருக்குள்ளை போய்வர ஏலாது, உங்களுக்குப் படகு போயிடும். நீங்களே வந்து நில்லுங்கோ.”

என்ன நடக்கிறதென்று விளங்காமலேதான் அந்த மனிதர் எழுந்து வந்தார். வாக்குமூலம் எழுதத் தாளும் கையுமாக வந்து நின்றார். உயரமானவரும் பின்னால் வந்தார். சிவந்த இரும்பை யூலியட் இரண்டு கையாலும் பிடித்து, மூன்றாவது சூட்டுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். புகை கிளம்பியது. கொட்டில் முழுக்கப் பாலைமரம் கருகின மணம்.

“சரி” என்றார் குருசுமுத்து. “இப்ப எழுதுங்கோ. இந்தக் குறி என்ரை மகள் யூலியட்டின்ரை. அவள் ஆற்றையும் குறியைக் களவெடுக்கேல்லை. முந்திப் போட்டதெல்லாம் நான் குடுத்துத்தான் போட்டவள்.”

“முந்தி நீங்க குடுத்தீங்களா?”

“குடுத்தனான். வாயாலை சொல்லேல்லை, அவ்வளவுதான். என்ரை பிழை. அதையும் எழுதுங்கோ.”

தானே சாட்சி நின்று களவுக் கதையைக் கெடுத்துக்கொண்டது கட்டையானவருக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. முகத்தில் இருந்த சிரிப்புப் போனது. உயரமானவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார், இவர் எரிந்து விழுந்தார். “நான் உங்களுக்கு உதவி செய்யப் பார்த்தேன். இனி அந்தச் சட்டத்திலதான் பார்க்கணும். வியாழக்கிழமை காலை பத்து மணி, கொழும்புல. ரெண்டு பேரும் வரணும். மகள் திரும்பி வருவாங்கன்னு நான் சொல்லமாட்டேன்.”

“வருவம்” என்றாள் யூலியட்.

அழைப்புக் கடிதத்தை எழுதி முடிக்கிறவரைக்கும் கிறேசம்மா காத்திருந்தாள். பிறகு இரண்டு தட்டில் சோறும் கணவாய்க் கறியும் போட்டுக்கொண்டுவந்து முன்னால் வைத்தாள். “சாப்பிட்டிட்டுப் போங்கோ. எங்கடை வளவுக்கு வந்தவை வெறும் வயித்தோடை போகக்கூடாது. ஆனா என்ரை பிள்ளையிலை ஒரு நகக்கீறல் பட்டாலும், நான் கொழும்புக்கு வந்து உங்கடை கந்தோர் வாசலிலை இருந்து ஒப்பாரி வைப்பன். எனக்கு வலு பெரிய தொண்டை.” உயரமானவருக்கு மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நல்லாய்ச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கைகழுவி, சின்னக்குட்டியைப் பார்த்தார்கள்.

“எண்ணெய் முடிஞ்சுதையா” என்றான் அவன். லான்ட்மாஸ்டருக்கு மேலேயே ஏறியிருந்துகொண்டு சொன்னான். நாலு கிலோமீற்றர். உச்சி வெயில். மினுக்கின சப்பாத்தில் புழுதி படிய இருவரும் மதில்களுக்கு நடுவே நடந்துபோனதைத் தீவில் பாதிப்பேர் மதிலுக்கு மேலாகப் பார்த்தார்கள். ஒருவரும் சைக்கிள் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரமே யூலியட் கீறினாள். பத்திரிகை ஆசிரியர் போனில் ஒரு தரம் தயங்கினார். “பிள்ளை, நீர் வடிவா யோசிச்சனீரோ? பேரையும் போடட்டோ?”

“போடுங்கோ சேர். குறியும் வேணும், பேரும் வேணும்.”

புதன்கிழமை காலை, துறைமுகத்தில் வழக்கத்தைவிடச் சனம். யாழ்ப்பாணம் போய் பஸ் எடுத்தால் விடியக் கொழும்பு. குருசுமுத்து அந்தோனியார் திருநாளுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச்சட்டை போட்டிருந்தார். சின்னக்குட்டி அவர்களுடைய பையை யாரிடமும் கொடுக்காமல் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். தானும் வருவானாம். சாட்சி நான்தானே அண்ணை, என்னை விட்டிட்டு எப்பிடிப் போவியள் என்று விடியற்காலையிலேயே வந்து சண்டை பிடித்தவன். வந்த படகிலிருந்து பத்திரிகைக்கட்டு இறங்கியது. கட்டை அவிழ்க்க முதலே பாதி போய்விட்டது.

குருசுமுத்து ஒன்றை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வெயிலில் நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பதினான்கு மாடுகள் வரிசையாக, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அழைப்புக் கடிதம். முன்னால் போகிற மாடு கேட்கிறது: “ஐயா, எங்கள் எல்லாருக்கும் வியாழக்கிழமைதானோ?” மூலையில் குறி. குறிக்குக் கீழே, கொட்டை எழுத்தில், யூலியட் குருசுமுத்து.

அவர் அந்தப் பெயரைக் நீண்ட நேரம் வாசித்தார்.

“என்ரை பேரையும் போட்டிட்டாய்.”

“உங்கடை பேர் இல்லாமல் எனக்கேது பேர்? ஏன், பயமோ?”

“பயம்தான்” என்றார் குருசுமுத்து. “இல்லையெண்டு சொன்னால் பொய்.” பத்திரிகையைப் படம் வெளியில் தெரிகிற மாதிரி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அப்பா, உந்தப் பேப்பரை உள்ளுக்கு வையுங்கோ. அங்கை வாசலிலை சோதிப்பினம்.”

“சோதிக்கட்டன். சோதிக்கிறவனும் ஒருக்காச் சிரிச்சிட்டுப் போகட்டும்.”

மகளின் கையைப் பிடித்துப் படகுக்குள் இறங்கினார்.